சேணம் பூட்டிய குதிரைகள்: 'தி லோன் ரேஞ்சர்' (1956) திரைப்படத்தில் வேடமும் நிலமும்

கேள்வி

1956இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'தி லோன் ரேஞ்சர்' படத்தைத் திரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தொலைக்காட்சியில் பெற்ற புகழை வண்ணத் திரைக்குக் கொண்டுவந்த சிறுவர் படம் என்பதே வழக்கமான மதிப்பீடு. இயக்கியவர் ஸ்டூவர்ட் ஹெய்ஸ்லர். முகமூடி வீரனாக நடித்தவர் கிளேட்டன் மூர். அவனுடைய பூர்வகுடித் தோழன் டோன்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். 1949 முதல் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த தொடரின் நாயகர்களும் இவர்களே. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் இந்தப் படத்தில் துப்பாக்கிச் சண்டையும் குதிரைத் துரத்தலும் இந்த வகைப் படங்களுக்குரிய அளவில் இருக்கின்றன.

கதை எளிமையானது. அமெரிக்கத் தென்மேற்கின் ஒரு பிராந்தியத்தில் வெள்ளைக் குடியேறிகளின் பண்ணைகள் சூறையாடப்படுகின்றன. செய்பவர்கள் செவ்விந்தியர் என்று ஊர் நம்புகிறது. பிராந்திய ஆளுநர் முகமூடி வீரனை அழைத்து விசாரிக்கச் சொல்கிறார். அவருக்குச் சந்தேகம் எழக் காரணம் ஒன்றுண்டு: கொள்ளையடிக்க வந்த 'இந்தியர்கள்' சேணம் பூட்டிய குதிரைகளில் வந்திருக்கிறார்கள். விசாரணை ரீஸ் கில்கோர் என்ற பெரும் பண்ணையாரிடம் போய் முடிகிறது. பூர்வகுடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அவர்கள் புனிதமாகக் கருதும் மலை இருக்கிறது. அந்த மலைக்குள் வெள்ளி இருக்கிறது. பழங்குடியினர்மீது பழி விழுந்து அவர்கள் வெளியேற்றப்பட்டால் மலை தன் கைக்கு வரும் என்பது கில்கோரின் கணக்கு.

இந்த நாயகனைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: அவன் ஏன் முகத்தை மறைக்கிறான்? 1956ஆம் ஆண்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்தால் இந்தக் கேள்வி பொருத்தமற்ற முகத்தை நோக்கிக் கேட்கப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. படத்தின் கதையை நகர்த்தும் வேடம் நாயகனுடைய கறுப்பு முகமூடி இல்லை. வெள்ளையர் பூண்ட பூர்வகுடி வேடமே. அந்த வேடம் அமெரிக்க வரலாற்றில் எங்கிருந்து வருகிறது, படம் அதை எவ்வளவு தூரம் அம்பலப்படுத்துகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பவை இக்கட்டுரையின் பொருள்.

முகமூடியைப் பற்றி இதுவரை

டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் வானொலியில் 1933 ஜனவரி இறுதியில் இந்தத் தொடர் தொடங்கியது. நிலையத்தின் உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில். கதைகளை எழுதிக் குவித்தவர் ஃபிரான் ஸ்ட்ரைக்கர். பிறப்புக் கதை பின்னர் படிப்படியாக உருவாகி நிலைபெற்றது. ஆறு டெக்சஸ் ரேஞ்சர்களைக் காவெண்டிஷ் கும்பல் ஒரு மலையிடுக்கில் மறைந்திருந்து சுடுகிறது, ஐவர் இறக்கிறார்கள், ஆறாமவனை டோன்டோ காப்பாற்றுகிறான். ஆறாவதாக வெறுங்குழி ஒன்றையும் தோண்டி மூடுகிறார்கள், எல்லோரும் இறந்தார்கள் என்று கும்பல் நம்பட்டும் என்று. இறந்த அண்ணனின் மேற்சட்டைத் துணியிலிருந்து முகமூடி வெட்டப்படுகிறது.

இந்த முகமூடிக்கு ஆய்வாளர்கள் கண்ட முன்னோடிகளில் முதன்மையானவன் ஸோரோ. ஜான்ஸ்டன் மெக்கல்லி 1919இல் ஒரு வார இதழில் எழுதிய தொடர்கதையை அடுத்த ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் 'தி மார்க் ஆஃப் ஸோரோ' என்று படமாக்கி நடித்தார். ஒடுக்கப்பட்டோருக்காகப் போராடும் முகமூடிக் குதிரைவீரன் என்ற அச்சு அங்கே தயாராகிவிட்டது. ஆனாலும் ஒப்பீடு ஓரளவுக்கு மேல் செல்லாது. ஸோரோவுக்குப் பகலில் ஒரு வாழ்க்கை உண்டு. அவன் டான் டியேகோ. நிலவுடைமைக் குடும்பத்து வாரிசு. முகமூடியைக் கழற்றினால் திரும்பிச் செல்ல ஒரு மாளிகை இருக்கிறது. லோன் ரேஞ்சருக்கு அப்படித் திரும்ப இடமில்லை. அவனுக்கு வீடில்லை, மனைவி மக்களில்லை, ஊரில்லை. சட்டப்படி அவன் செத்தவன். நிலத்தகராறில் நடுவராக நிற்கும் ஒருவனுக்கு நிலமே இல்லாமல் செய்தது வானொலி எழுத்தாளர்களின் கூர்மையான முடிவு.

இன்னொரு விளக்கம் அண்மைக் காலத்தில் பரவலாகியிருக்கிறது. அடிமையாகப் பிறந்து, இந்தியப் பிராந்தியத்தில் துணை மார்ஷலாக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கறுப்பினத்தவரான பாஸ் ரீவ்ஸ்தான் இந்த நாயகனின் மூலம் என்பது அது. 2006இல் வெளிவந்த ரீவ்ஸின் வாழ்க்கை வரலாற்று நூலில் ஆர்ட் பர்ட்டன் இந்த ஒப்புமையை முன்வைத்தார். ரீவ்ஸ் குற்றவாளிகளைப் பிடிக்க மாறுவேடம் பூண்டார்; பூர்வகுடி உதவியாளர்களோடு பயணம் செய்தார்; அந்தப் பிராந்தியத்துக் கைதிகளில் பலர் டெட்ராய்ட் சிறைக்கு அனுப்பப்பட்டனர். இவை மெய். ஆனால் டிரெண்டிலோ ஸ்ட்ரைக்கரோ ரீவ்ஸைப் பற்றி அறிந்திருந்தனர் என்று காட்டும் ஆவணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. ஒப்புமை மட்டும் மூலத்தை நிறுவாது. இந்தக் கருத்து மக்களிடம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் வேறு. எல்லைப்புறச் சட்டத்தை நிலைநாட்டியவர்கள் வெள்ளையர் மட்டுமே என்ற திரைச் சித்திரம் பொய்யென்று பலரும் உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வு நியாயமானது. ரீவ்ஸின் பெருமை நிலைக்க அவரை ஒரு வானொலிப் பாத்திரத்தோடு கட்டவேண்டிய அவசியம் இல்லை.

முகமூடிக்குக் கீழே இருக்கும் பதவியைப் பற்றியும் ஒரு சொல். டெக்சஸ் ரேஞ்சர் படையின் வரலாறு மெக்சிக வம்சாவளியினர்மீதும் பூர்வகுடியினர்மீதும் நடத்திய வன்முறையோடு பின்னியது. 1918 ஜனவரியில் போர்வெனிர் என்ற எல்லைச் சிற்றூரில் 15 ஆண்களையும் சிறுவர்களையும் ரேஞ்சர்களும் பண்ணையாட்களும் சுட்டுக்கொன்றனர். மறு ஆண்டு சட்டமன்ற உறுப்பினர் ஹோசே கனாலஸ் முன்னெடுத்த குற்றச்சாட்டுகளின் பேரில் டெக்சஸ் சட்டமன்றம் படையின் செயல்களை விசாரித்தது. வானொலித் தொடர் தொடங்கியபோது அந்த விசாரணை முடிந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. படையிலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்து, பதக்கத்தைக் கழற்றி, கொல்வதற்காகச் சுடமாட்டான் என்ற விதியையும் ஏற்றி, பூர்வகுடித் தோழனோடு சேர்த்துவிட்டால்தான் 'ரேஞ்சர்' என்ற பெயர் களங்கமின்றி நிற்கமுடிந்தது. முகமூடி மறைத்தவற்றுள் இந்த நிறுவன வரலாறும் ஒன்று.

இந்த இணையைப் பற்றிய திறனாய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது சாட்விக் ஆலன் 1996இல் எழுதிய கட்டுரை. ரேஞ்சருக்கும் டோன்டோவுக்குமான உறவை அமெரிக்க அரசுக்கும் பூர்வகுடித் தேசங்களுக்கும் இடையிலான ஒப்பந்தங்களின் மொழியில் அவர் வாசிக்கிறார். இருவர் சமமாகக் கைகோப்பதாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் ஒருவர் ஆணையிட மற்றவர் செய்கிறார். இந்த வாசிப்பு நட்பின் சமனின்மையை நன்கு விளக்குகிறது. ஆயினும் நாயகனும் தோழனும் என்ற இருவர் மீதே கவனம் குவிவதால், கதையில் மூன்றாவதாக நிற்கும் வேடதாரிகள் பார்வைக்குத் தப்பிவிடுகிறார்கள்.

சேணம் என்னும் தடயம்

1956ஆம் ஆண்டுப் படத்தில் எத்தனை வேடங்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். நாயகனின் முகமூடி எப்போதும் இருப்பது. அதற்கு மேல், ஊருக்குள் செய்தி திரட்ட அவன் கனிமம் தேடும் கிழவனாகவும் வேடமிடுகிறான். கில்கோரின் ஆட்கள் பூர்வகுடியினராக வேடமிடுகிறார்கள். வேடமே இல்லாதவன் டோன்டோ ஒருவன்தான். தொலைக்காட்சித் தொடரின் கதைகளில் அவன் உளவறிய ஊருக்குள் போவதும், அடிவாங்கித் திரும்புவதும் வாடிக்கையாக வரும். முகமூடி போட்டவன் பாதுகாப்பாக இருக்க, முகத்தைக் காட்டியவன் அடிபடுகிறான். ஊரார் அவன் முகத்தைப் பார்த்த உடனே தீர்ப்பெழுதி விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைத்தான் கில்கோர் தன் முதலாகப் போட்டு வேலை செய்கிறான். பூர்வகுடியினரே கொள்ளையர் என்று ஊர் முன்கூட்டி நம்பியிராவிட்டால் அவன் ஆட்களின் வேடம் ஒருநாளும் பலித்திராது. இதைப் படம் சொல்லிக்காட்டவில்லை, கதையமைப்பே காட்டுகிறது.

வேடத்தை உடைக்கும் தடயம் சேணம். உண்மையான செவ்விந்தியர் சேணமின்றியே குதிரை ஏறுவர், ஆகவே சேணத்தோடு வந்தவர்கள் போலிகள் என்பது ஆளுநர் சொல்லும் தருக்கம். இங்கே நின்று யோசிக்க வேண்டும். சமவெளிப் பழங்குடிகள் மரச்சட்டமும் தோலும் கொண்டு சேணங்கள் செய்தனர். புல்லும் மயிரும் அடைத்த மெத்தைச் சேணங்களும் அவர்களிடம் இருந்தன. பெண்களுக்கென முன்னும் பின்னும் உயர்ந்த சேணங்களும் இருந்தன. நவஹோ குதிரைக்காரர்களும் சேணம் பயன்படுத்தினர். வேட்டையிலோ போரிலோ சுமை குறைக்கச் சேணமின்றி ஏறியதும் உண்டு. ஆகவே வெறுங்குதிரையில் பாயும் செவ்விந்தியன் என்பது பெரிதும் ஓவியமும் சினிமாவும் உருவாக்கிய பிம்பம். ஒரு பொய்ப் பிம்பத்தை அம்பலப்படுத்த இன்னொரு பொய்ப் பிம்பத்தை அளவுகோலாக வைக்கிறது படம். கில்கோரின் ஆட்களுடைய குற்றம் பூர்வகுடியினரைப் போல நடந்துகொள்ளாதது இல்லை. வெள்ளையர் மனத்தில் இருந்த பூர்வகுடிப் படத்தை அச்சுப் பிசகாமல் வரையத் தவறியதே.

அமெரிக்க வரலாற்றில் இந்த வேடம் மிகப் பழையது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தவர்களில் பலர் மொஹாக் வேடம் பூண்டிருந்தனர். 1840களில் நியூயார்க் மாநிலத்தில் நிலக்கிழார்களுக்கு எதிராகக் குத்தகை மறுப்புப் போராட்டம் நடத்திய விவசாயிகள் பூப்போட்ட துணி உடுத்தி, முகம் மூடி, தங்களை 'இந்தியர்' என்று அழைத்துக்கொண்டனர். தன் 1998ஆம் ஆண்டு நூலில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த ஃபிலிப் டெலோரியா, வெள்ளை அமெரிக்கர் தம் அடையாளத்தைக் கண்டடையவும் கட்டுப்பாட்டை மீறவும் பூர்வகுடி வேடத்தை மீண்டும் மீண்டும் நாடினர் என்று காட்டுகிறார். அவருடைய எடுத்துக்காட்டுகளில் வேடம் பெரும்பாலும் விளையாட்டும் கலகமும் சடங்கும் கலந்தது. கில்கோரின் வேடம் அந்த வகையில் அடங்காது. அது பழியை மாற்றும் வேடம். அதன் நோக்கம் ஒரு மக்கள் கூட்டத்தைத் தண்டனைக்கு உள்ளாக்குவது.

அதற்கும் வரலாற்றில் நேரான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. படம் எடுக்கப்பட்ட மண்ணிலேயே அது நிகழ்ந்தது. படப்பிடிப்பின் ஒரு பகுதி யூட்டா மாநிலத்தின் தென் எல்லையில் இருக்கும் கனாப் பகுதியில் நடந்தது. செம்பாறைக் குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிறைந்த அந்த ஊரைப் பல ஆண்டுகளாகவே கௌபாய் படக்காரர்கள் நாடிவந்தனர். அதே தென் யூட்டாவின் மேற்குப் பகுதியில் மவுன்டன் மெடோஸ் என்ற புல்வெளி இருக்கிறது. 1857 செப்டம்பரில் ஆர்க்கன்சஸிலிருந்து கலிஃபோர்னியா நோக்கிச் சென்ற வண்டித்தொடர் ஒன்று அங்கே முற்றுகைக்குள்ளானது. ஐந்து நாள் கழித்து, பாதுகாப்பாக அழைத்துச் செல்வதாகச் சொல்லி வெளியே வரவழைத்து, ஏறக்குறைய 120 பேரைக் கொன்றனர். தப்பவிடப்பட்டவர்கள் 17 சிறு குழந்தைகள். கொலையைத் திட்டமிட்டு நடத்தியவர்கள் உள்ளூர் மார்மன் குடிப்படையினர். அவர்களில் சிலர் முகத்தில் வண்ணம் பூசிப் பூர்வகுடியினர் போல வந்தனர்.

பழி அப்பகுதிப் பூர்வகுடியினரான பாயூட் மக்கள்மீது போடப்பட்டது. பாயூட் மக்களில் எத்தனை பேர், எந்த அளவுக்கு இதில் சேர்ந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. தொடக்ககால வெள்ளையர் சாட்சியங்கள் அவர்களையே முதன்மைக் குற்றவாளிகளாகக் காட்டின. பாயூட் வாய்மொழி மரபோ பங்கேற்பை மறுக்கிறது. சாட்சி சொன்னவர்களில் பலரும் தாமே குற்றத்தில் பங்குகொண்டவர்கள் என்பதால் அவர்களுடைய சொற்களை அப்படியே ஏற்க முடியாது. தண்டிக்கப்பட்ட ஒரே ஆள் ஜான் டி. லீ, 1877இல் அதே புல்வெளியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 150ஆம் ஆண்டு நினைவு நாளான 2007 செப்டம்பரில்தான் மார்மன் திருச்சபை, நெடுங்காலம் அநியாயமாகப் பழி சுமந்தவர்கள் என்று பாயூட் மக்களைத் தனியே குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தது. படக்குழுவினர் இந்த நிகழ்வை மனத்தில் வைத்துக் கதை அமைத்தார்கள் என்று நான் வாதிடவில்லை. கில்கோரின் சூழ்ச்சி சிறுவர் கதைக்கெனப் புனைந்த மிகை என்று ஒதுக்குவோருக்கு மவுன்டன் மெடோஸ் விடையளிக்கிறது. அவ்வளவே என் வாதம்.

கேமராவின் முன்னே நடந்த வேடம்

படத்தில் பழங்குடித் தலைவர் ரெட் ஹாக் ஆக நடித்தவர் ஃபிராங்க் டிகோவா, நியூயார்க்கில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். போரை விரும்பும் இளைஞன் ஆங்ரி ஹார்ஸ் ஆக நடித்தவர் மைக்கேல் அன்சாரா, சிரியாவில் பிறந்து குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்தவர். அதே 1956இல் தொடங்கிய 'ப்ரோக்கன் ஆரோ' தொலைக்காட்சித் தொடரில் அப்பாச்சித் தலைவர் கோச்சீஸாக நடித்துப் பெயர்பெற்றவரும் அன்சாராவே. அந்தத் தொடருக்கு மூலமான 1950ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கோச்சீஸாக நடித்தவர் புரூக்ளின் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெஃப் சாண்ட்லர். அவருக்கு அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. வானொலியில் டோன்டோவின் குரலாக ஆண்டுக்கணக்கில் ஒலித்தவர் ஜான் டாட் என்ற வெள்ளை நடிகர்.

அதாவது, கதைக்குள் குற்றமாகக் காட்டப்படும் செயல் கதைக்கு வெளியே அந்தத் தொழிலின் அன்றாட நடைமுறையாக இருந்தது. வண்ணம் பூசிய வெள்ளையர் பூர்வகுடியினராக நின்றால் பார்வையாளர் நம்புவர் என்ற எண்ணத்தில் கில்கோரும் ஹாலிவுட் நடிகர் தேர்வு அலுவலகங்களும் ஒத்துப்போனார்கள். நடிகர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. அன்சாராவின் நடிப்பில் கண்ணியம் இருக்கிறது. ஆனால் போலிச் செவ்விந்தியரைக் கண்டுபிடிப்பதையே கதையாகக் கொண்ட ஒரு படம், தன் திரையில் நிற்கும் 'உண்மையான' செவ்விந்தியரையும் அதே முறையில்தான் உருவாக்கியது என்பதைப் பார்க்காமல் இந்தப் படத்தை மதிப்பிட முடியாது.

இந்தப் பின்னணியில் ஜே சில்வர்ஹீல்ஸ் திரையில் நிற்பதே ஒரு சான்றாகிறது. இயற்பெயர் ஹாரல்ட் ஸ்மித். கனடாவின் ஒன்டாரியோவில் கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆறு தேசங்களின் ஒதுக்கு நிலத்தில் 1912இல் பிறந்த மொஹாக். லக்ரோஸ் விளையாட்டில் பெயர்பெற்று அதன்வழி ஹாலிவுட்டுக்கு வந்தவர். பாஸ்டனில் தேயிலையை எறிந்தவர்கள் கடன்வாங்கிய வேடம் அவருடைய மூதாதையரின் உருவம். அந்த மக்களில் ஒருவர் முகத்தை மறைக்காமல் திரையில் தோன்றியபோது அவருக்குத் தரப்பட்டது குறைப்பட்ட ஆங்கிலம். வினைச்சொல் சரியாக அமையாத அந்த வசனங்கள் சில்வர்ஹீல்ஸ் பேசிய ஆங்கிலம் இல்லை. வானொலிக்காக வெள்ளை எழுத்தாளர் எழுதியது. பூர்வகுடி நடிகர் ஒருவர் பூர்வகுடிப் பாத்திரத்தில் நடிக்கும்போதும் அவர் நாவில் ஒரு வேடம் பூட்டப்பட்டிருந்தது.

டோன்டோவை அடிமைத்தனத்தின் சின்னமாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. ஷெர்மன் அலெக்ஸியின் 1993ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பு தலைப்பிலேயே ரேஞ்சரையும் டோன்டோவையும் கைகலக்க வைக்கிறது. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. இருந்தும் சில்வர்ஹீல்ஸின் உடல்மொழியை ஊன்றிப் பார்க்கும்போது எழுதப்பட்ட பாத்திரத்துக்கும் நடிக்கப்பட்ட பாத்திரத்துக்கும் இடையே ஓர் இடைவெளி தெரிகிறது. வசனம் தாழ்த்துகிறது, நிமிர்ந்த முதுகும் அசையாத பார்வையும் அந்தத் தாழ்வை ஏற்பதில்லை. 1960களில் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றைத் தொடங்கி, பூர்வகுடிப் பாத்திரங்களுக்குப் பூர்வகுடி நடிகர்களை ஆயத்தப்படுத்தினார். திரையில் அவர் பேச முடியாததை அந்தப் பட்டறை செய்தது. அவருடைய வாழ்க்கையை மதிப்பிடும்போது டோன்டோவுக்குக் கொடுக்கும் இடத்தைவிட இதற்குக் கூடுதல் இடம் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

1958இல் வந்த இரண்டாம் படமான 'தி லோன் ரேஞ்சர் அண்ட் தி லாஸ்ட் சிட்டி ஆஃப் கோல்ட்' இந்தச் சிந்தனையை இன்னொரு பக்கம் திருப்பியது. அங்கே முகம் மூடிவரும் கொலையாளிகள் பூர்வகுடியினரைக் கொல்கிறார்கள். அதே கதையில் ஒரு மருத்துவர் வருகிறார். பிறப்பால் பூர்வகுடி, வெள்ளையராகக் கருதப்பட்டு ஊரில் வாழ்பவர். வெள்ளையர் பூணும் பூர்வகுடி வேடம் நிலத்துக்காக. பூர்வகுடியினர் பூணும் வெள்ளை வேடம் பிழைப்புக்காக. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு துலங்குகிறது.

நிலம் போன வழி

படத்தின் அரசியல் எல்லை நிலத்தைப் பற்றிய பகுதியில்தான் தெரிகிறது. கில்கோர் தனி மனிதன். பேராசைக்காரன், சூழ்ச்சிக்காரன், வேடமிட்டு ஆளை ஏவுபவன். அவனை அகற்றினால் மலை காப்பாற்றப்படுகிறது, ஆளுநர் நல்லவர், அரசு நடுநிலையானது. படம் உருவான ஆண்டுகளில் நிலம் எப்படிக் கைமாறிக்கொண்டிருந்தது என்பதோடு இதை ஒப்பிட வேண்டும்.

1953 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 108ஆம் எண் கூட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பூர்வகுடித் தேசங்களுக்கும் கூட்டரசுக்கும் இருந்த சிறப்பு உறவை முடித்துவைப்பது அதன் குறிக்கோள். 'டெர்மினேஷன்' என்று பெயர்பெற்ற இந்தக் கொள்கையின்படி அடுத்த பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பழங்குடிகளின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. விஸ்கான்சினில் மெனோமினி, ஓரிகனில் கிளமத் ஆகிய காட்டுவளம் மிக்க பழங்குடிகளுக்கான சட்டங்கள் 1954இல் வந்தன. 1955 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டீ-ஹிட்-டன் வழக்கில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் வெளிப்படையாக அங்கீகரிக்காத பூர்வகுடி நில உரிமையை அரசு எடுத்துக்கொண்டால் இழப்பீடு தரவேண்டிய அரசியலமைப்புக் கடமை இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. அலாஸ்காவில் மரம் வெட்டும் உரிமையைப் பற்றிய வழக்கு அது.

இந்தக் கொள்கையின் முதன்மைச் சிற்பியான செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ் யூட்டாவைச் சேர்ந்தவர். தன் மாநிலத்துப் பாயூட் குழுக்களையே தொடக்கத்தில் சேர்த்தார். ஷிவ்விட்ஸ், கனோஷ், கூஷாரம், இந்தியன் பீக்ஸ் ஆகிய நான்கு பாயூட் குழுக்களின் அங்கீகாரத்தை நீக்கும் சட்டம் 1954 செப்டம்பரில் நிறைவேறி 1957இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வறுமையிலும் சிறுபான்மையிலும் இருந்த இந்த மக்கள், தன்னிறைவு அடைந்த பழங்குடிகளையே விடுவிக்கிறோம் என்று கொள்கை வகுத்தவர்கள் சொன்ன வரையறைக்கு எவ்விதத்திலும் பொருந்தவில்லை. நலவாழ்வு உதவிகள் நின்றன. வரி கட்ட முடியாமலும் வேறு வழியின்றியும் நிலங்கள் கைவிட்டுப் போயின.

யூட்டாவின் செம்பாறைகளுக்கு நடுவே ஒரு பழங்குடியின் ஒதுக்கு நிலத்தை முகமூடி வீரன் காப்பாற்றும் காட்சிகள் படமாக்கப்பட்டதும், யூட்டாவின் பாயூட் மக்கள் தம் ஒதுக்கு நிலத்தின் சட்டப் பாதுகாப்பை இழந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. திரையில் நிலத்தைப் பறிப்பவன் வேடமிட்டு இரவில் வருகிறான். வாஷிங்டனில் அதைச் செய்தவர்கள் தம் சொந்தப் பெயரில், பகலில், அவை நடுவே வாக்களித்தார்கள். படத்தின் கற்பனையில் சட்டம் பூர்வகுடியினரின் பக்கம் நிற்கிறது; சட்டத்தை ஏமாற்றுபவனே எதிரி. சட்டமே எதிரியாக இருக்கும்போது வேடத்தைக் கிழிக்க எதுவும் இல்லை, முகமூடி வீரனுக்கு வேலையும் இல்லை.

படத்தைத் தயாரிக்கப் பின்னின்ற ஜாக் ராதர் டெக்சஸ் எண்ணெய்த் தொழிலில் பொருளீட்டியவர்; 1954இல் 30 இலட்சம் டாலருக்கு இந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் வாங்கினார். கில்கோரின் மனைவியாக நடித்த போனிட்டா கிரான்வில் அவருடைய மனைவி. நிலத்தடிச் செல்வத்தால் வளர்ந்த ஒருவர் அதற்காக நடக்கும் கொடுமையைப் படமாக்கியதை முரண்பாடாக மட்டும் பார்ப்பது எளிது. நான் அதை அப்படி வாசிக்கவில்லை. நேர்மையான முதலும் பேராசைமிக்க முதலும் வேறு வேறு என்ற நம்பிக்கை அக்கால அமெரிக்கத் தொழில்வர்க்கத்தின் உண்மையான நம்பிக்கை. படத்தின் அறமும் அதுவே. நாயகனின் தோட்டாக்களும் வெள்ளியாலானவை; அவை அவனுக்குச் சொந்தமான சுரங்கத்திலிருந்து வருகின்றன. அந்தச் சுரங்கம் யாருடைய நிலத்தில் இருந்தது என்ற கேள்வியைத் தொடர் எழுப்புவதில்லை. கில்கோரின் வெள்ளிக்கும் ரேஞ்சரின் வெள்ளிக்கும் இடையே உள்ள வேறுபாடு குணத்தில் இருக்கிறது, உடைமை வரலாற்றில் இல்லை.

இரண்டு மறுப்புகள்

இது சிறுவர்களுக்கான படம், இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். போலிச் செவ்விந்தியரும் பேராசைப் பண்ணையாரும் மலிவுத் தயாரிப்புகளில் பலமுறை புழங்கிய கதைப்பொருள் என்பதும் மெய். பலமுறை புழங்கியதாலேயே அது கவனத்துக்குரியது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில் தான் அறிந்தும் ஒப்புக்கொள்ளாத ஒன்று இருக்கும். எல்லைப்புறக் கொள்ளைகளின் பழி எப்போதும் சரியான ஆள்மீது விழவில்லை என்ற அறிவு அந்தக் கதைப்பொருளில் தங்கியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு தரம் பற்றியது. அதே 1956இல், அதே வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியலில் இடம்பெறுவது. ஹெய்ஸ்லரின் படம் அதன் அருகே வைக்கத்தக்கதா? கலையாக இல்லை. வெள்ளையனின் இனவெறுப்பை உள்ளிருந்து காட்டுவதில் ஃபோர்டின் படத்துக்கு இணை குறைவு. ஆனால் ஃபோர்டின் படத்தில் கொமாஞ்சியர் நடத்தும் படுகொலை கதையின் அடித்தளம். அது ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாக வைக்கப்படுகிறது. கொமாஞ்சித் தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர். படுகொலையைச் செய்தது யார், யார் என்று நமக்குச் சொல்லப்பட்டது ஏன் என்ற கேள்வியை அந்த ஆண்டு கேட்டது சிறுவர் படமே. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வந்த அமெரிக்கக் குழந்தைகள் அந்தக் கேள்வியோடு வீடு திரும்பியிருக்கலாம். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

பின்னர் நடந்தவை

2013இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்தக் கதையை மறுபடி எடுத்தபோது டோன்டோவை மையத்துக்குக் கொண்டுவந்தது. இருப்புப்பாதை முதலாளிகளையும் படையையும் குற்றவாளிகளாகக் காட்டியது. அரசும் மூலதனமும் சேர்ந்தே நிலத்தைப் பறித்தன என்பதில் அந்தப் படம் 1956ஐ விட வரலாற்றுக்கு நெருங்கியது. டோன்டோவாக நடித்தவர் ஜானி டெப். வெள்ளை வண்ணமும் கறுப்புக் கோடுகளும் பூசிய முகத்தோடு. 64 ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சி ஒரு மொஹாக் நடிகருக்குக் கொடுத்த பாத்திரத்துக்குப் பெரும் பொருட்செலவில் வேடம் மறுபடி பூசப்பட்டது.

யூட்டாவில் பாயூட் மக்கள் 1970களில் தம் அங்கீகாரத்தை மீட்க முயன்று, 1980 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் மீட்புச் சட்டம் ஒன்றை நிறைவேறச் செய்தனர். 1954இல் பெயர் நீக்கப்பட்ட நான்கு குழுக்களோடு சீடர் குழுவும் சேர்ந்து யூட்டா பாயூட் பழங்குடி என்ற ஒரே அமைப்பாயின. இழந்த நிலம் முழுவதும் திரும்பவில்லை. புதிய ஒதுக்கு நிலத்துக்காக அவர்கள் மேலும் சில ஆண்டுகள் நாடாளுமன்றத்தோடு வாதாட வேண்டியிருந்தது.